கர்ண மோட்சக் கூத்தில் கருணை

ஏலகிரி அடிவாரம் முதல் ஆம்பூர், வேலூர் வரையுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. போரின் பதினேழாம் நாளைப் பாடும் ‘கர்ண மோட்சம்’ வடமாவட்டங்களில் இறந்தவருக்கான காரியத்திலும் ஆடப்படுகிறது. கருணையைப் பற்றி இக்கூத்து சொல்வதில் வலுவும் உண்டு, ஓட்டையும் உண்டு.

களத்தில் சாய்ந்த கர்ணனிடம் கண்ணன் முதிய அந்தணனாக வந்து, அவன் செய்த தருமத்தின் பலன் முழுவதையும் யாசிக்கிறான். தாரை வார்க்க நீர் இல்லை. அம்பு தைத்த புண்ணின் குருதியையே கர்ணன் வார்க்கிறான். வில்லிபுத்தூரார் பாரதத்தில் அவன் கேட்கும் வரம், எப்பிறவியிலும் இரப்பவர்க்கு இல்லையென்னாத மனம். பிறகே விசுவரூபமும் மோட்சமும். உலகம் கைவிட்டவனுக்கு இறைவன் இரங்குவான் என்னும் இந்த உறுதிதான் சாவு வீட்டில் ஆறுதலாகிறது.

அரசியலிலும் கூத்துக்கு ஒரு நேர்மை உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க, மோட்சார்ட்டின் ‘டைட்டஸின் கருணை’ ஓபரா இரண்டாம் லியோபோல்டின் முடிசூட்டு விழாவுக்காக 1791 செப்டம்பர் 6 அன்று பிராகாவில் அரங்கேறியது. தன்னைக் கொல்லச் சதி செய்தவர்களை மன்னிக்கும் ரோமப் பேரரசன் வழியே அது ஆள்பவனின் பெருந்தன்மையைப் போற்றியது. கூத்தில் அரசன் மன்னித்தருளும் பெருந்தகையாக வருவதில்லை. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அவனை முகத்துக்கு நேரே கேலி செய்கிறான். திருவிழாவின் படுகளச் சடங்கில் மண்ணால் செய்த துரியோதனன் வீழ்ந்த பிறகே திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அங்கே மன்னிப்புக்கு இடமில்லை.

ஓட்டை கருணையின் விலையில் இருக்கிறது. கவச குண்டலம் பறிபோகவும் பிறப்பின் இரகசியம் ஆயுதமாகவும் வழிசெய்தவன் கண்ணனே; இறுதியில் அருள்பவனும் அவனே. அநீதிக்குப் பொறுப்பானவன் மோட்சம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுகிறான்.

கர்ணனின் மனைவி பொன்னுருவி வரும் காட்சியில் இது இன்னும் கூர்மை. கணவனை இழிபிறப்பினன் என்று வெறுத்தவள், அவன் குந்தியின் மகன் என்று அறிந்ததும் மனம் மாறுகிறாள். பழிச்சொல் இவனுக்குப் பொருந்தாது என்றுதான் கூத்து நிறுவுகிறது. பிறப்பை வைத்துப் பழிப்பதே தவறு என்று சொல்வதில்லை. தோல் பதனிடும் வேலையையும் அதைச் செய்வோரின் சாதியையும் சேர்த்தே இழிவாகப் பார்த்த வரலாறுள்ள இந்த ஆம்பூர், வேலூர் வட்டாரத்தில் இது சிறிய குறையல்ல.

பனுவலில் இல்லாத கேள்வியைக் கேட்கக் கட்டியக்காரனுக்கு உரிமை உண்டு. அதை எந்த அளவு பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே கூத்து ஓரிடத்தில் ஆறுதலாக நின்றுவிடுகிறது. இன்னோரிடத்தில் விமர்சனமாகவும் ஆகிறது.