பதிவேட்டில் இல்லாதோரும் செயற்கை நுண்ணறிவுக் கொள்கையும்

தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை, திருச்சபை கருத்தூன்றிப் படிக்கத்தக்க ஆவணமாகும். இத்தகைய கணினி முறைகள் மக்கள்மீது செயற்படுமுன் வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, தவறான பயன்பாட்டைத் தடுத்தல், எண்ணிம இடைவெளியும் தரவுக் குறைவும், நெறி, சமநீதி ஆகிய ஆறு நோக்கில் அவற்றை ஆராயவேண்டும் என்கிறது. தரவுக் குறைவு அநீதிக்கு வழியாகலாம் எனக் கண்டது இதன் சிறப்பு.

ஆயினும், இவ்வளவுகோல் தாயில்பட்டியில் போதுமானதா? உரிமம் பெற்ற ஆலையில் உழைப்போருக்குப் பதிவேடு உண்டு. உள்குத்தகையிலும் வீட்டிலும் பட்டாசு செய்வோருக்கு அது இல்லை. 2021 ஜூனில் இவ்வூரில் அத்தகைய வீடொன்றில் நேர்ந்த வெடிவிபத்து உயிர்களைப் பறித்தது. பதிவேட்டை மட்டும் கற்ற பொறி, ஆபத்தையோ உதவிக்குரியோரையோ கணிக்குமாயின், இவர்களை இல்லாதோராகவே எண்ணும். மாறாக, வீடுகளைக் கண்காணிக்கப் பொறியை ஏவினால், கூலிக்கு வேலை கொடுத்தவன் மறைந்திருக்க, திரி செருகிய பெண்ணே குற்றவாளியாகத் தோன்றுவாள்.

இது வெறும் கற்பனையச்சமன்று. தெலுங்கானாவில் கணினிக் கணிப்பின்படி நேரில் விசாரியாமல் குடும்ப அட்டைகள் நீக்கப்பட்டன. அவற்றை மீண்டும் நேரில் சரிபார்க்கும்படி 2022இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று.

எண்ணாகமம் 26, 27ஆம் அதிகாரங்களை இங்கு நினைவுகூர்தல் தகும். இருபது வயதும் அதற்கு மேற்பட்டவருமான ஆண்களை எண்ணி, அந்த எண்ணிக்கையின்படியே நிலம் பங்கிடப்படவிருந்தது. கணக்கில் பிழையில்லை, ஆனால் செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐவருக்கு அதில் பங்கில்லை. அவர்கள் கூடாரவாசலில் நின்று நியாயம் கேட்டனர். மோசே அதைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார், பிரமாணமே விரிவாக்கப்பட்டது. எண்ணப்படாதோர் பேசுவதற்கு ஒரு வாசல் இருந்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

அரசின் கொள்கையில் நாம் காணும் குறை இதுவே. அதன் மதிப்பெண் பட்டியல் பொறியை அளக்கிறது; பொறியின் கண்ணுக்குப் படாதோரை அது அழைப்பதில்லை. எனவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஒருவருக்கு உதவி மறுக்கப்படின் காரணம் தமிழில் கூறப்படவேண்டும். இரண்டாவது, அதை விசாரித்து மாற்றும் அதிகாரமுடைய மனிதர் ஒருவர் வட்டார அளவில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, நலத்திட்டத்திற்காகத் தன்னைப் பதிவு செய்துகொள்ளும் தொழிலாளியின் தகவல் அவருக்கு எதிரான சாட்சியமாகக் கூடாது. இம்மூன்றாவது இல்லையேல் எவரும் தம் பெயரைத் தரத் துணியார்.

பட்டாசுக் கிராமங்களில் ஊழியஞ்செய்யும் ஆயர்கள் இவ்வீடுகளின் வாசலை அறிவர். அவ்வறிவை மன்றங்களுக்கு எடுத்துச் செல்வதும் மேய்ப்புப்பணியே.