பக்கத்தில் இருந்தவர்கள்

2024 நவம்பர் 9 அன்று இரவு நடிகர் டெல்லி கணேஷ் காலமானார். அவருக்கு வயது 80. அந்த மாதத்திலேயே, அவருடைய படங்களை விடாமல் பார்த்துவந்த ஒரு ரசிகரின் வீட்டில் மணியும் போய்விட்டான். மணி தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நாட்டு நாய். பதினான்கு வருஷம் அந்த வீட்டில் இருந்தான்.

அந்த ரசிகருக்கு இது முதல் இழப்பு அல்ல. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் போனார். 2023-இல் மயில்சாமி, மனோபாலா, மாரிமுத்து என்று ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அந்த வருஷக் கடைசியில் விஜயகாந்த். ஒவ்வொரு முறையும் அன்றிரவே அவர்கள் நடித்த ஒரு படத்தைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். துக்கம் விசாரிக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். மணி அவருடைய இடது பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்திருப்பான். சண்டைக்காட்சியில் சத்தம் கூடினால் ஒரு காது மட்டும் நிமிரும். பிறகு தானே மடங்கிக்கொள்ளும்.

டெல்லி கணேஷுக்காக அவர் போட்டது ‘சிந்து பைரவி’. 1985-இல் வந்த பாலசந்தர் படம். அதில் கணேஷ், மிருதங்க வித்வான் குருமூர்த்தி. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்ததற்காக சிவகுமார் நடித்த பாடகர் ஜே.கே.பி. அவரை மேடையிலிருந்து அனுப்பிவிட்டு, மிருதங்கம் இல்லாமலே பாடத் தொடங்குவார். பிற்பாதியில் அதே ஜே.கே.பி. குடியில் விழும்போது, முதலில் விரட்டப்பட்டவரின் முகம் நமக்குத் தானாக நினைவுக்கு வருகிறது. அந்த அவமானத்தை கணேஷ் அவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டுப் போயிருக்கிறார்.

‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) இன்னொரு சாட்சி. வல்லநாட்டில் பிறந்த தென்பாண்டிச் சீமைக்காரர், விமானப்படையில் பத்து வருஷம் இருந்தவர், டெல்லி நாடக மேடையில் தேறியவர், அதில் பாலக்காட்டுச் சமையல்காரர் மணி ஐயராக வருகிறார். அந்தப் பாலக்காட்டுப் பேச்சில் எங்கேயும் ஒட்டுப்போட்ட தடயம் தெரியாது. சாம்பாரில் மீன் விழுந்த கல்யாணக் காட்சியில் சிரிப்பை அள்ளிக்கொள்ள எத்தனை பேர் போட்டி போடலாம்! ஆனால் அவருக்குக் கவலையெல்லாம் சமையலைப் பற்றித்தான். நாம் சிரிப்பதற்குக் காரணமும் அந்தக் கவலைதான்.

எதிராளி பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பது நடிப்பில் கஷ்டமான பகுதி. முகம் சும்மா இருந்தால் காட்சி செத்துவிடும், கொஞ்சம் கூடினால் அடுத்தவர் காட்சியைத் திருடியதாகிவிடும். 400-க்கும் மேற்பட்ட படங்களில் கணேஷ் அந்த நூலிழையில் நடந்தார். குணச்சித்திர நடிகர் என்ற பட்டம் அவருக்குப் போதாது.

மணி போன பிறகு அந்த ரசிகர் கைப்பேசியைத் துழாவினார். இருந்தவை ஏழெட்டு வீடியோக்கள். எல்லாவற்றிலும் மணி ஓடுகிறான், பந்தைக் கவ்வுகிறான், குதிக்கிறான். பாதத்தில் தாடை வைத்துப் படுத்திருந்த மணி ஒன்றிலும் இல்லை. சும்மா படுத்திருக்கும் நாயை யார் படம் எடுப்பார்கள்? மணி அப்படித்தான் அதிக நேரம் இருந்தான். கணேஷ் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததையாவது கேமரா பிடித்து வைத்திருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அவர் ‘உம்பெர்தோ டி’யைப் பார்த்தார். இத்தாலியில் விட்டோரியோ டி சிகா எடுத்து 1952-இல் வெளிவந்த படம். வாடகை கொடுக்க முடியாத ஓய்வூதியக்காரர் ஒருவர், அவருக்கென்று ஃப்ளைக் என்ற சின்ன நாய். கிழவராக நடித்த கார்லோ பத்திஸ்தி தொழில்முறை நடிகர் அல்ல. மொழியியல் பேராசிரியர். பிச்சை கேட்கக் கை நீட்டுகிறார். ஒருவர் காசு எடுக்கும் நேரத்தில், மழை பெய்கிறதா என்று பார்ப்பவர்போல உள்ளங்கையைச் சட்டென்று கவிழ்த்துவிடுகிறார். பிறகு தொப்பியை ஃப்ளைக்கின் வாயில் கொடுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். நாய் பின்னங்கால்களில் உட்கார்ந்து தொப்பியைப் பிடித்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் அந்தப் பக்கம் வர, கிழவர் வெளியே வந்து நாய் விளையாடுகிறது என்று சமாளிக்கிறார். வறுமையைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. கவிழ்ந்த அந்தக் கைக்கு ஈடாக ஒன்றை அந்த ரசிகர் பார்த்ததில்லை.

கடைசியில் கிழவர் நாயை அணைத்துக்கொண்டு ரயில் வரும் தண்டவாளத்தருகே நிற்கிறார். ஃப்ளைக் திமிறி ஓடிவிடுகிறது. ரயில் போன பிறகும் அவரிடம் வர மறுக்கிறது. நம்பிக்கை போய்விட்டது. கீழே கிடந்த பைன் காயை எடுத்து ஆட்டி ஆட்டி அவர் கெஞ்ச, மெல்ல மெல்ல அது அருகில் வருகிறது, துள்ளுகிறது. படம் அங்கே முடிகிறது. அந்தக் காட்சியில் தன் இடது பாதத்தை அசைக்காமல் வைத்திருந்ததை ரசிகர் விளக்கைப் போட்ட பிறகுதான் கவனித்தார்.

உங்கள் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், அது சும்மா படுத்திருக்கும்போது இரண்டு நிமிஷம் படம் எடுத்து வையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.