கொதிநீரும் இஹ்ஸானும்

ஒட்டகத்தின் படைப்பை உற்று நோக்குமாறு திருமறையின் ‘அல்ஃகாஷியா’ அத்தியாயம் மனிதனை அழைக்கின்றது. தேனீக்கும் எறும்புக்கும் சிலந்திக்கும் அத்தியாயப் பெயர் தந்து சிறப்பித்த மறை அது. ஆகவே, ‘சிங்கி இறாலைச் சிந்தித்துப் பாருங்கள்’ என்னும் பொருள்பட ஒருவர் ஆங்கிலக் கட்டுரைக்குத் தலைப்பிட்டால், அந்த ஏவல் நம் செவிக்குப் புதியதன்று. அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் எழுதிய அக்கட்டுரை 2004 ஆகஸ்டில் ‘கூர்மே’ என்னும் உணவு இதழில் வெளிவந்து, 2005-இல் அதே பெயர் தாங்கிய நூலில் இடம்பெற்றது. ஆசிரியர் 2008-இல் மறைந்தார். அவர் எழுப்பிய வினா நம் இல்லத்து அடுப்பங்கரை வரை வருவதால் அதனை ஈண்டு ஆராய்வது பொருந்தும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தில், ராக்லண்ட் என்னும் துறைமுக ஊரில், ஆண்டுதோறும் சிங்கி இறால் விழா நடைபெறுகின்றது. 2003-ஆம் ஆண்டு விழாவைக் கண்டெழுதுமாறு இதழ் இவரை அனுப்பிற்று. உலகிலேயே பெரியதென விளம்பரம் பெற்ற கொதிகலம் அங்கிருந்தது. விழாவில் உண்ணப்பட்டவை 25,000 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 11 டன். சுவையைப் புகழ்ந்தெழுத வேண்டியவரோ, உயிரோடு கொதிநீரில் இடப்படும் பிராணிக்கு வேதனை உண்டா என்று கேட்டுவிட்டார். அதையும் உணவு இதழின் பக்கத்திலேயே கேட்டார். அத்துணிவே கட்டுரையின் முதற் சிறப்பு.

எகிப்து நாட்டுப் பேரறிஞர் தமீரி (மறைவு ஹிஜ்ரி 808) தம் ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூலில் பிராணியின் பெயர் விளக்கம், அதன் இயல்பு, அது பற்றிய மார்க்கச் சட்டம் எனப் பகுத்துக் கூறிச் செல்வார். அவரைப் படித்தவர் போலவே வாலஸும் பெயரிலிருந்து தொடங்குகின்றார். ஆங்கிலப் பெயரின் வேர் வெட்டுக்கிளியைக் குறிக்கும் லத்தீன் சொல் என்கின்றார். அரபியிலும் இப்பிராணிக்கு ‘ஜராதுல் பஹ்ர்’, அதாவது கடல் வெட்டுக்கிளி, என்றொரு பெயர் வழங்குவதை எண்ணுகையில் வியப்பே மேலிடுகின்றது.

மெய்ன் கடலின் சிங்கி இறால் நம் மன்னார் வளைகுடாவில் அகப்படுவதைப் போன்றதன்று. நம்முடையதற்கு முள் நிறைந்த நீண்ட மீசை உண்டு; பெருங்கொடுக்கு இல்லை. அதற்கோ இரு கொடுக்குகள்: ஒன்று நொறுக்குவதற்கு, மற்றொன்று வெட்டுவதற்கு. அரைக்கும் பற்கள் இரைப்பையினுள் அமைந்துள்ளன. குருதியில் இரும்புக்கு மாறாகச் செம்பு இருப்பதால் அது நீலச்சாயல் கொள்கின்றது. பழைய ஓட்டைக் கழற்றிக் கழற்றியே அது வளர்கின்றது. புது ஓடு இறுகும் வரை மறைவிடத்தில் ஒதுங்குகின்றது. ஒருமுறை பொருத எதிரியை மறுமுறை மணத்தால் அறிந்துகொள்கின்றது. தாய் இறால் முட்டைகளை வயிற்றடியில் ஒட்டவைத்து ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை சுமக்கின்றது. பிடிக்கத்தக்க அளவை அடைய ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்கின்றன. இத்துணை நுட்பமாகப் படைக்கப்பட்ட உயிரின் முடிவு கொதிகலத்தில் சில நிமிடம்.

கட்டுரையின் உயிர்நிலை இதன்பின் வருகின்றது. வேதனையை உணரும் பகுதியே இதன் மூளையில் இல்லை என விழாக்காரர் கூறியதை வாலஸ் ஏற்கவில்லை. உடலமைப்பு, நடத்தை ஆகிய இரண்டையும் அளவுகோலாகக் கொள்கின்றார். கொதிநீரில் இடுகையில் பாத்திரத்தின் விளிம்பைப் பற்றிக்கொள்வதையும், மூடியை முட்டித் தள்ளுவதையும் காட்டுகின்றார். கண்களுக்கு இடையே கத்தியைப் பாய்ச்சினால் போதும் என்போருக்கும் மறுப்புத் தருகின்றார்: இதன் நரம்பு முடிச்சுகள் உடலின் அடிப்புறம் நெடுகத் தொடர்ந்துள்ளன, முன்முடிச்சை அழித்தால் எஞ்சியவை உடனே ஓய்வதில்லை. எனினும் முடிவில் தீர்ப்பு ஏதும் கூறாது, தம் மயக்கத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்டு விடைபெறுகின்றார்.

குறைகள் உள. அடிக்குறிப்புகள் பெருகி வாசகனை இழுத்தடிக்கின்றன. விழாக் கூட்டத்தைக் கேலி செய்யும் இடத்தில் ஒரு பகுதியை அக்கடலின் மீனவர்க்கு வழங்கியிருக்கலாம். முட்டை சுமந்த இறால் கூண்டில் அகப்பட்டால், அம்மீனவர் அதன் வால் துடுப்பில் சிறு வெட்டு அடையாளம் இட்டுக் கடலில் விடுகின்றனர். பின்னர் முட்டையின்றி அகப்பட்டாலும் அடையாளத்தைக் காண்பவர் அதனை விட்டுவிட வேண்டும். தத்துவ ஆராய்ச்சி முடியும் வரை காத்திராமல் கையைக் கட்டுப்படுத்தும் வழக்கம் இது.

நாம் வாலஸுடன் மாறுபடும் இடமும் இதுவே. வேதனை மெய்ப்பிக்கப்பட்டால்தான் கடமை பிறக்கும் என்பது போல் அவர் வாதம் முழுவதும் சான்றையே பற்றி நிற்கின்றது. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நபிமொழியோ எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அழகிய முறையை, விதியாக்குகின்றது. கத்தியைத் தீட்டுவதும் பிராணிக்கு ஆறுதல் அளிப்பதும் அறுப்பவனின் பொறுப்பு. வேதனைக்குச் சான்று தா என்று பிராணியிடம் அங்கே கேட்கப்படவில்லை. எரிக்கப்பட்ட எறும்புப் புற்றைக் கண்ட பெருமானார் (ஸல்) நெருப்பால் வேதனை செய்வதைக் கண்டித்ததை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்.

வாலஸுக்குப் பின் சான்றுகளும் வந்தன. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ராபர்ட் எல்வுட் 2009-இல் உடனாய்வாளருடன் வெளியிட்ட ஆய்வில், மின்னதிர்ச்சி பெற்ற துறவி நண்டு, தான் விரும்பும் சங்கு ஓட்டை எளிதில் துறப்பதில்லை. விரும்பாத ஓட்டை விரைவில் துறக்கின்றது. வெறும் துள்ளலாயின் இத்தேர்வு எங்ஙனம் வரும்? மயக்கமுறச் செய்யாமல் உயிருடன் கொதிக்கவைப்பதை சுவிட்சர்லாந்து 2018-இல் தடுத்தது. இவ்வினத்தை உணர்வுள்ள உயிராக பிரிட்டனின் சட்டம் 2022-இல் ஏற்றது.

நம் நிலை யாது? ஹனஃபி மத்ஹபில் கடற்பிராணிகளுள் மீன் மட்டுமே ஆகும். ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு இசைவு உண்டு. விருந்துப் பந்தியில் ‘ஆகுமா, ஆகாதா’ என்பதோடு நம் விவாதம் முடிந்துவிடுகின்றது. எவ்வாறு இறந்தது என்று கேட்பாரில்லை. கடல் உயிருக்கு அறுத்தல் நிபந்தனையன்று என்பதைக் கடமையே இல்லை எனப் பொருள் கொண்டோம். ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களோ, நீண்ட நேரம் துடிக்கும் பெரிய மீனை அதன் ஆறுதலுக்காக அறுத்துவிடுவது விரும்பத்தக்கது என்கின்றன. உயிருள்ள மீனைக் கொதிக்கும் எண்ணெயில் இடுவதற்கு இசைந்தோரும் உண்டு. அது வேதனை செய்தலாகும் எனத் தடுத்தோரும் உண்டு. நீரை விட்டு வந்தும் நெடுநேரம் உயிர் தாங்கும் சிங்கி இறாலுக்கு அப்பெரிய மீனின் சட்டமே நெருங்கியது என்பது என் கருத்து. பனிக்கட்டியில் நன்கு குளிரவைத்து, கூரிய கத்தியால் தலை முதல் வால் வரை நடுவே விரைந்து பிளப்பது சமையலறையில் இயலாத காரியமன்று.

ஆங்கிலம் கற்ற நம் பிள்ளைகள் இக்கட்டுரையைப் படிக்கட்டும். படித்தபின், மதரஸாவில் ஓதிய ‘வேட்டையும் அறுத்தலும்’ என்னும் பாடத்தை மறுமுறை புரட்டட்டும். அங்கே ஹலாலின் நிபந்தனைகளுக்கு அருகிலேயே இரக்கத்தின் நிபந்தனைகளும் எழுதப்பட்டிருப்பதைக் காண்பார்கள்.