காட்ஸில்லாவும் அதன் இயந்திர இரட்டையும்

ஜப்பானியத் திரைப்படங்களில் வரும் ராட்சத விலங்குகளை அம்மொழியில் ‘கைஜு’ என்பர். அவற்றுள் முதன்மையானது காட்ஸில்லா. அதற்கு எதிராக நிறுத்தப்படும் இயந்திர உருவம் மெக்காகாட்ஸில்லா. இவை மோதும் படங்கள் பெரும்பாலும் சிறுவர் கேளிக்கையாகவே பார்க்கப்படுகின்றன. ஆனால் அந்த இயந்திரத்தை யார் செய்கிறார்கள், எதைக் கொண்டு செய்கிறார்கள் என்று கவனித்தால், ஆயுதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி படத்துக்குப் படம் தொடர்வதைக் காணலாம்.

முதல் படம்

1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ‘டைகோ ஃபுகுரியு மாரு’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின்மீது கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. படகிலிருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டனர். ஒருவர் செப்டம்பரில் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 3 அன்று டோஹோ நிறுவனத்தின் ‘கோஜிரா’ வெளியானது. இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. தந்திரக் காட்சிகளை அமைத்தவர் எய்ஜி சுபுராயா.

குண்டுச் சோதனையால் கிளம்பிய விலங்கு டோக்கியோவை எரிக்கிறது. அதை அழிக்கக்கூடிய ஆயுதம் செரிசாவா என்ற விஞ்ஞானியிடம் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்திவிட்டால் உலக அரசுகள் அதைக் கேட்டு வற்புறுத்தும் என்று அவர் அஞ்சுகிறார். எனவே ஆய்வுக் குறிப்புகளை எரிக்கிறார். கடலடியில் ஆயுதத்தை இயக்கியபின் தன் உயிர்க்கயிற்றையும் அறுத்துக்கொள்கிறார். ஆயுதமும் அதைச் செய்யத் தெரிந்தவனும் ஒன்றாக மறைகின்றனர். பின்வந்த படங்களை இந்த முடிவை வைத்தே மதிப்பிட வேண்டும்.

வேற்றுலகத்தார் செய்த இயந்திரம்

டோஹோவின் முதல் இயந்திர இரட்டை, 1967இல் ஹோண்டா இயக்கிய படத்தில் கிங்காங்குக்கு எதிராக வந்த மெக்கானிகாங். மெக்காகாட்ஸில்லா 1974இல் ஜுன் ஃபுகுடாவின் படத்தில் அறிமுகமானது. அது காட்ஸில்லாவின் தோலைப் போர்த்திக்கொண்டு வருகிறது. மனிதர்கள் ஏமாறுகின்றனர், அங்கிரஸ் என்ற விலங்கு மட்டும் அதை நண்பனாக ஏற்காமல் எதிர்க்கிறது. இது அழகான கற்பனை. ஆனால் இயந்திரத்தைச் செய்தவர்கள் வேற்றுலகத்தார் என்பதால் மனிதர்மேல் எந்தப் பொறுப்பும் விழவில்லை. படம் சுவையாக இருக்கிறது, கனமாக இல்லை.

அடுத்த ஆண்டு வந்த ‘மெக்காகாட்ஸில்லாவின் பயங்கரம்’ அக்குறையைச் சரிசெய்தது. திரைக்கதை யுகிகோ தகயாமா. ஹோண்டா இயக்கிய கடைசித் திரைப்படமும் இதுவே. உலகம் தன்னை ஏளனம் செய்ததால் வெறுப்புற்ற விஞ்ஞானி ஒருவரின் மகள் கட்சுரா. உயிர்பிழைக்க வைக்கப்பட்ட அவள் உடலுக்குள் இயந்திரத்தின் கட்டுப்பாடு பொருத்தப்படுகிறது. இறுதியில் அவள் தன்னையே சுட்டுக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறாள். செரிசாவாவின் முடிவு இங்கே மீண்டும் வருகிறது. ஆனால் அவர் ஆயுதத்தைக் கண்டுபிடித்தவர். இவளோ ஆயுதமாக ஆக்கப்பட்டவள். இவ்வரிசையில் சிறந்த படம் இதுவே.

மனிதர் செய்த இயந்திரம்

1993இல் தகாவோ ஒகவாரா இயக்கிய படத்தில் ஐக்கிய நாடுகள் அவையின் படையே மெக்காகாட்ஸில்லாவைக் கட்டுகிறது. காட்ஸில்லாவை வரவழைக்க அதன் குட்டி இரையாக வைக்கப்படுகிறது. பார்வையாளரின் மனம் இயல்பாகவே விலங்கின் பக்கம் சாய்கிறது. மனிதர் செய்தது தவறு என்று படம் உணர்த்துகிறது. ஆனால் ஆயுதத்தின் பளபளப்பைக் காட்டுவதிலேயே அதிக நேரத்தைச் செலவிடுகிறது. எனவே கேள்வி பாதியில் நிற்கிறது.

மசாகி தெசுகா இயக்கிய 2002, 2003 ஆண்டுப் படங்கள் மேலும் துணிந்தவை. இவற்றில் 1954இல் இறந்த விலங்கின் எலும்புகளைக் கொண்டே ‘கிர்யு’ என்ற இயந்திரம் செய்யப்படுகிறது. முதல் படத்தில் அந்த எலும்புக்கூடும் கரைந்து மறைந்துவிட்டது என்பதால் இது கதைமுரண். ஆனாலும் கருத்து வலுவானது. காட்ஸில்லாவின் கர்ஜனையைக் கேட்டதும் எலும்புகளின் நினைவு விழித்து, இயந்திரம் அது காக்கவேண்டிய நகரத்தையே இடிக்கிறது. இறந்ததை ஆயுதமாக்கக்கூடாது, எலும்புகளைக் கடலுக்கே திருப்பித் தாருங்கள் என்று மோத்ராவின் தூதர்களான இரட்டைச் சிறுபெண்கள் வேண்டுகின்றனர். அரசு கேட்பதில்லை. இறுதியில் கிர்யு தானாகவே காட்ஸில்லாவைப் பற்றிக்கொண்டு கடலில் மூழ்குகிறது.

மதிப்பீடு

செரிசாவாவும் கட்சுராவும் தம் உயிரைக் கொடுத்து ஆயுதத்தை முடித்தனர். 2003இல் அந்த முடிவை எடுப்பது இயந்திரம். மனிதர் கரையில் நின்று பார்க்கின்றனர். இது மனிதரை எளிதில் தப்பவிடும் முடிவு என்று தோன்றலாம். ஆனால் எழுத்தோட்டத்துக்குப் பிறகு வரும் சிறு காட்சி அதை மாற்றுகிறது. ஓர் ஆய்வுக்கூடத்தில் ராட்சத விலங்குகளின் மரபணு மாதிரிகள் பத்திரப்படுத்தப்பட்டுள்ளன. புதிய சோதனை தொடங்கவிருக்கிறது. செரிசாவா குறிப்புகளை எரித்தார், இவர்களோ மாதிரியைச் சேமிக்கின்றனர். முதல் படத்துக்கும் இதற்கும் இடைப்பட்ட 49 ஆண்டுகளில் மனிதர் எதையும் கற்கவில்லை என்பதே இப்படங்கள் சொல்லும் செய்தி.