சங்கதி பேச இடம் எங்கே?

பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது; 'சங்கதி' 1994-ல். முன்னது ஒரு பெண்ணின் தன்கதை என்றால், பின்னது ஒரு தெருப் பெண்கள் அத்தனை பேரின் கதை. இது நாவல்தானா என்று ஒரு சண்டை நடந்தது. கொச்சை, கெட்ட வார்த்தை என்று மூக்கைப் பொத்திக்கொண்டவர்களும் உண்டு. இன்னொரு பக்கம் கொண்டாட்டம். என்னமா ஏசுறா, என்னமா சிரிக்கிறா, அடிபட்டும் எந்திரிச்சு நிக்கிறா பாரு என்றார்கள். ஏச்சுக்கும் சிரிப்புக்கும் கலகம் என்று பேர் வைத்தார்கள். மூக்கைப் பொத்தினவர்களுக்கு அந்த நூலே பதில். கொண்டாடினவர்களோடுதான் இன்னும் கணக்குத் தீரவில்லை.

நூலின் தொடக்கத்தில் வரும் ஒரு செய்தியைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். நிறைமாசக்காரி ஒருத்தி மாட்டுக்குப் புல்லறுக்கப் போகிறாள். அங்கேயே வலி கண்டு, பெற்று, கையிலிருந்த அரிவாளால் கொடியை அறுத்து, நஞ்சைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, பிள்ளையையும் புல்லுக்கட்டையும் சுமந்துகொண்டு வீடு வந்து சேருகிறாள். இதைத் 'தலித் பெண்ணின் உடல் வலிமை' என்று வாசிப்பது வழக்கமாகிவிட்டது. புல்லுக்கட்டை ஏன் போட்டுவிட்டு வர முடியவில்லை? இதைக் கேட்டால் வேறு கதை தெரியும். ஆஸ்பத்திரி இல்லை, ஓய்வு இல்லை, மாட்டுக்கு இரை வைக்க வேறு ஆள் இல்லை. இல்லாமையின் பட்டியலை வலிமை என்று வாசிப்பது, அந்த இல்லாமையில் வாழாதவர்களுக்குத்தான் சௌகரியம்.

பண்பொழியில் சில பெண்களுக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். சிரித்தார்கள், உச்சுக் கொட்டினார்கள். ஒரு அம்மா மட்டும், "மறுநாளும் புல்லறுக்கப் போனாளா?" என்று கேட்டார். இத்தனை வருச விமர்சனத்தில் கேட்கப்படாத கேள்வி அது.

மாரியம்மா கதைக்கு வருவோம். கிணற்று வேலைக்குப் போன இடத்தில் விழுந்து எலும்பு முறிந்து கிடந்தவள். தேறி வந்து மறுபடி காட்டுக்குப் போகிறாள். பம்புசெட்டில் தண்ணி குடிக்கப் போனவளை நிலக்காரன் பிடித்து இழுக்கிறான். அவள் திமிறி ஓடி வந்துவிடுகிறாள். அவன் முந்திக்கொண்டு ஊருக்குள் வந்து, மாணிக்கம் என்ற பையனோடு அவளைச் சேர்த்துக் கதை கட்டுகிறான். கூட்டம் கூடுகிறது. கூடினது யார்? மேல்சாதி ஊர் அல்ல, நம்ம தெரு ஆம்பளைகள். அவளுக்கு அபராதம் இருநூறு, அவனுக்கு நூறு. ஓரத்தில் நின்று முணுமுணுத்த பெண்களுக்கு விரட்டுதான் மிச்சம். உண்மை என்னவென்று அந்தப் பெண்களுக்குத் தெரியும், அதைச் சொல்ல இடம்தான் இல்லை. கடைசியில் குடிகாரனான அந்த மாணிக்கத்துக்கே அவள் கழுத்தை நீட்ட வேண்டியதாகிறது.

வேலை, உடம்பு, பொதுவெளி மூன்றும் இங்கே ஒரே முடிச்சு. கிணற்றில் விழுந்தது வேலையால். தனியாகச் சிக்கியது வேலைக்குப் போன இடத்தில். வாயடைத்துப்போனது சொந்தச் சாதிக் கூட்டத்தில். நிலக்காரன் மேல் கேஸ் போடலாம், நம்ம கூட்டத்தின் மேல் யார் போடுவது? சாதி எதிர்ப்பு பேசுகிற நாம் 'சங்கதி'யில் முதலில் படிக்க வேண்டிய பக்கம் இதுதான்.

இந்தப் பெண்கள் பேசுவது எங்கே என்று பாருங்கள். வயல், ஓடை, கிணற்றடி, வேலைக்குப் போகிற பாதை. பலபேர் சேர்ந்து உழைக்கிற இடம்தான் அவர்கள் பேசுகிற இடம். நாட்டாமை திண்ணையில் இல்லாத நியாயம் அங்கே பேசப்படும். அந்த இடத்துக்கு இந்த முப்பது வருசத்தில் என்ன ஆயிற்று?

எங்க பண்பொழி திருமலை முருகன் கோயில் மலையடிவாரத்து ஊர். சுற்றி நஞ்சை. கார், பிசானம் என்று இரண்டு போகம். நடவு, களை, அறுப்பு என்றால் பெண்கள் கூட்டமாக இறங்குவார்கள். கொத்து குறைந்தால் கூட்டமாகக் கரையேறுவார்கள். அறுப்பு மெஷின் வந்தது. அறுப்பும் போச்சு, நெல்லாக வந்த கொத்தும் போச்சு. 2005-ல் வந்த நூறுநாள் வேலைச் சட்டம் கிராம ஊராட்சிகளுக்கு என்று எழுதப்பட்டது. பண்பொழி பேரூராட்சி, ஆகவே கணக்கில் வரவில்லை. வயலை நம்பிப் பிழைத்தவளைக் காகிதம் நகரத்துக்காரி ஆக்கிவிட்டது.

தென்காசி வட்டாரத்தில் ஏராளமான பெண்களுக்குக் கைகொடுத்தது பீடி. இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் சுளவு, குனிந்த கழுத்து, மூக்கில் தூள், விடாத இருமல். வீட்டிலிருந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று 1966 சட்டம் சொன்னது. முதலாளிகள் தொடுத்த வழக்கில் 1974-ல் உச்சநீதிமன்றமும் அதை ஒத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் 1976-ல் நலநிதி வந்தது. அந்த நிதிக்காகப் பீடி மேல் போட்டிருந்த தீர்வை, ஜிஎஸ்டி வந்த 2017-ல் எடுக்கப்பட்டது. இந்த உரிமைகளுக்குப் பின்னால் சங்கங்களின் போராட்டம் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பீடிக்கடை முன்னால் நிற்கும்போது ஒவ்வொருத்தியும் ஒண்டி ஆள். அவரவர் பாஸ் புத்தகம், அவரவர் கழிவு. இலை பத்தாவிட்டால் சொந்தக் காசில் வாங்க வேண்டும். திண்ணையில் நாலுபேர் சேர்ந்து உட்கார்ந்து சுற்றலாம், பேச்சும் உண்டு. கூட்டமாகக் கரையேற அங்கே வயல்தான் இல்லை.

சரி, பொதுவெளியில் நாற்காலி கிடைத்ததே என்பார்கள். 1996 உள்ளாட்சித் தேர்தலிலிருந்து தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இடஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வந்த கதையைப் பெண்கள் கூடிப் பேசுகிற இடம் 'சங்கதி'யிலும் உண்டு. ஓட்டுக் கேட்டு நிற்கிறவள்தான் அங்கே இல்லை. பிறகு நின்றாள், ஜெயித்தாள். நெல்லை மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி, அருந்ததியர் பெண். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முனைந்தது பகைக்கு ஒரு காரணம் என்று அன்றைய செய்திகள் சொல்லின. 2011 ஜூன் 13 இரவு அவரை வெட்டினார்கள். உயிர் பிழைத்தார். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020-ல் வெளிவந்த படத்தில், ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் நாற்காலியில். மாரியம்மாவின் முடிச்சு இன்னும் அவிழவில்லை. கழிப்பறை என்பது உடம்பு. அதைக் கட்டுவது வேலை. அதற்கு விழுந்தது வெட்டு.

இங்கேதான் 'சங்கதி' மேல் எனக்கு ஒரு குறை. பெண்கள் பேசுகிறவரை நூல் கொதிக்கிறது. படித்த கதைசொல்லி இடையில் வந்து விளக்கம் சொல்லும்போது சூடு தணிகிறது. முடிவை நெருங்க நெருங்க, ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்று பேதம் பார்க்காமல் வளர்க்க வேண்டும் என்கிற யோசனையில் நூல் இளைப்பாறுகிறது. நல்ல யோசனைதான், யார் மறுப்பார்? ஆனால் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன சிறுமி மைக்கண்ணியின் கூலியும், அபராதம் போட்ட கூட்டமும் அந்த யோசனைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. வளர்ப்பை மாற்றினாலும் கொத்து உயராது. படித்தவள் சொல்லும் தீர்வைவிடப் படிக்காதவள் கேட்கும் கேள்வி இந்த நூலில் பெரிசு. அந்தக் கேள்விகளைத் தமிழில் முதன்முதலாக இவ்வளவு பேர் வாயிலிருந்து கேட்க வைத்தவர் பாமா என்பதும் அதே அளவு உண்மை.

எனவே 'சங்கதி'யை வாசிக்கிற தோழர்களுக்கு, முக்கியமாக ஆண் தோழர்களுக்கு: தாங்குகிறாள் என்று இனி எழுதாதீர்கள். எதைத் தாங்குகிறாள், எத்தனை ரூபாய்க்கு, மறுநாள் யார் கஞ்சி ஊற்றினார்கள் என்று எழுதுங்கள். நம் இயக்கக் கூட்டங்களில் பெண்கள் எந்த ஓரத்தில் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சங்கதி அவர்களிடம் நிறைய இருக்கிறது. இடத்தை விடுங்கள், பேசுவார்கள்.