மூளை யாருடையது? – வாரன் மூனின் ஆட்டவாழ்வு குறித்துச் சில குறிப்புகள்

வாரன் மூனைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஏழு வயதில் அப்பாவை இழந்த ஒரு கறுப்புப் பையன், ஆறு சகோதரிகள், நர்ஸ் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய அம்மா, திறமை இருந்தும் கதவு மூடப்பட்டது, பக்கத்து நாட்டுக்குப் போனார், பொறுமையாக உழைத்தார், திரும்பி வந்தார், ஜெயித்தார். 2006ல் ஓஹியோ மாநிலத்து கேன்டன் நகரில் இருக்கிற அமெரிக்கக் கால்பந்துப் புகழ்மண்டபத்தில் அவருடைய வெண்கலத் தலையை வைத்தார்கள். அந்த மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பு குவார்ட்டர்பேக் அவர்தான்.

கதையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கதை என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. கதவு திறந்த சந்தோஷத்தில் அதை மூடி வைத்திருந்தவர்கள் யார், எந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மூடினார்கள் என்பதெல்லாம் கரைந்துபோகிறது. மூன் அந்த அளவுகோலில் தேறிவிட்டார், அவ்வளவுதான் விஷயம் என்றாகிவிடுகிறது. எனக்குச் சிக்கல் அந்த அளவுகோலோடுதான்.

இந்த ஆட்டம் நமக்குப் பழக்கமானதல்ல. பெயரில்தான் கால்பந்து, பெரும்பாலும் கையால் ஆடுவது. அணிக்குப் பதினோரு பேர். ஒவ்வொரு முறையும் ஆட்டம் நின்று, இரு தரப்பும் எதிரெதிரே வரிசை கட்டி, பிறகு மோதிக்கொள்கிறது. பந்து முதலில் வந்து சேருவது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. எறிவதா, இன்னொருவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று மூன்று நான்கு விநாடிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான திட்டங்கள் அடங்கிய தடித்த ஏட்டை அவன் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். எதிரணி நிற்கும் விதத்தைப் படித்து கடைசி நொடியில் திட்டத்தை மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். அவனைத் தளபதி என்கிறார்கள், அணியின் மூளை என்கிறார்கள். மற்ற பத்துப் பேர்? உடல்கள். ஓடுகிற, தடுக்கிற, முட்டி மோதுகிற உடல்கள்.

மூளை/உடல் என்கிற இந்தப் பிரிவினை ஆட்டத்தின் இயற்கை அல்ல. அது ஒரு சமூக ஏற்பாடு. 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.லில் ஒரு கறுப்பு ஆட்டக்காரர்கூடக் கிடையாது. பிறகு கறுப்பர்கள் உள்ளே விடப்பட்டார்கள். எல்லா இடத்துக்கும் அல்ல. 1970ல் லோய், மக்கெல்வோக் என்கிற இரு சமூகவியலாளர்கள் எளிமையான ஒரு வேலையைச் செய்தார்கள். களத்தில் எந்த இடத்தில் எந்த நிறத்தவர் நிற்கிறார் என்று எண்ணிப் பார்த்தார்கள். நடுவில் வெள்ளையர்கள், ஓரங்களில் கறுப்பர்கள். மையம்/விளிம்பு என்பதை நாம் தத்துவச் சொல்லாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே அதைச் சுண்ணாம்புக் கோடு போட்டே காட்டிவிடலாம்.

கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய கறுப்புப் பையன் என்.எஃப்.எல்.லுக்கு வந்தால், 'நீ நல்லா ஓடுறே, ஓரத்துல நின்னு பந்தைப் பிடி' என்பார்கள். மார்லின் பிரிஸ்கோவுக்கு நடந்ததைப் பாருங்கள். 1968ல் டென்வர் அணிக்காகக் களமிறங்கி, முதல் ஆண்டிலேயே 14 டச்டவுன்களுக்குப் பந்தெறிந்தவர் அவர். அடுத்த ஆண்டு அந்த இடத்துக்குப் போட்டியிடக்கூட அவரை விடவில்லை. பஃபலோ அணிக்குப் போய் பந்து பிடிப்பவராக மாறினார்; அதிலும் சிறந்து விளங்கினார். மாற்றியது சரிதான் என்று நிரூபிக்க அந்தச் சிறப்பே பயன்பட்டது. 'தகுதி', 'திறமை' என்கிற சொற்கள் எந்த வாயிலிருந்து எப்போது வருகின்றன என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன் இந்த வரலாற்றுக்குள்தான் வந்து சேர்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்தே அவர் ஒன்றில் பிடிவாதமாக இருந்தார்: குவார்ட்டர்பேக் இல்லையென்றால் வேண்டாம். வேறு இடத்தில் ஆட வா என்று கூப்பிட்ட கல்லூரிகளை மறுத்து, உள்ளூரின் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். அங்கிருந்து வாஷிங்டன் பல்கலைக்கழகம். சியாட்டிலில் சொந்த ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். 1978 ஜனவரி 2ல் ரோஸ் பௌல் ஆட்டத்தில் மிச்சிகனை 27–20 என்று வாஷிங்டன் வென்றபோது சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

அதே ஆண்டு மே மாதம் என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகப் பொறுக்கி எடுக்கும் 'டிராஃப்ட்' நடந்தது. பன்னிரண்டு சுற்று, முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். மூன் பெயர் இல்லை. 'அவரை யாரும் எடுக்கவில்லை' என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். இதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். டிராஃப்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பே அவர் கனடாவின் எட்மன்டன் அணியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தாமதமான சுற்றுகளில் எடுப்பார்கள், எடுத்தாலும் இடத்தை மாற்றுவார்கள் என்று அவர் காதுக்கு வந்திருந்தது. இருபத்தொரு வயதுப் பையன் கேள்வி கேட்கப்படும் முன்பே பதிலைப் படித்துவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். நிராகரிக்கப்பட்டவர் என்பதைவிட, நிராகரிக்கிற உரிமையை அவர்களுக்குத் தராதவர் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

நண்பர்கள் சிலர் மறுக்கக்கூடும்: அதே 1978 டிராஃப்டில்தானே டக் வில்லியம்ஸ் என்கிற கறுப்பு குவார்ட்டர்பேக் முதல் சுற்றிலேயே, 17வது ஆளாக எடுக்கப்பட்டார்? ஆமாம். டாம்பா பே அணி எடுத்தது. அவருக்கு ஆண்டுக்கு 1,20,000 டாலர் கொடுத்தது; மற்ற அணிகளின் மாற்று ஆட்டக்காரர்கள் பலர் அதைவிடக் கூடுதலாக வாங்கினார்கள். தோற்றுக்கொண்டே இருந்த அணியை நிமிர்த்தியவர், 1982க்குப் பிறகு நியாயமான சம்பளம் கேட்டபோது உரிமையாளர் இறங்கி வரவில்லை, அவர் வெளியேறினார். அந்த அணி அடுத்த பதினான்கு பருவங்கள் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வியையே அதிகம் கண்டது. 1988 ஜனவரியில் வாஷிங்டன் அணிக்காக சூப்பர் பௌலில் அதே வில்லியம்ஸ் டென்வரை 42–10 என்று நொறுக்கினார். விதிவிலக்கைக் காட்டி விதியை மறைப்பது பழைய தந்திரம். இங்கே விதிவிலக்குக்கே கூலி குறைவு.

கனடா ஆட்டம் வேறு மாதிரி. களம் நீளமும் அகலமும் கூடியது, அணிக்குப் பன்னிரண்டு பேர், பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்புக்குப் பதில் மூன்றே வாய்ப்பு. எனவே எறிந்துதான் ஆக வேண்டும். எட்மன்டன் 1978 முதல் 1982 வரை ஐந்து முறை தொடர்ந்து கிரே கோப்பையை வென்றது. தொடக்கத்தில் டாம் வில்கின்சனோடு இடத்தைப் பகிர்ந்துகொண்ட மூன், பிறகு முழுப் பொறுப்பேற்றார். 1982ல் சரியாக 5,000 கஜம், 1983ல் 5,648. 'யோசிக்கத் தெரியாதவர்' யோசித்துக்கொண்டிருந்தார், எல்லைக்கு அந்தப் பக்கம்.

கனடாவைச் சொர்க்கமாக்கிவிடவும் வேண்டாம். மூனுக்கு அடைக்கலம் கொடுத்த அணியின் பெயர் 'எஸ்கிமோஸ்'. இனுயிட் மக்கள் மீது மற்றவர்கள் ஒட்டிய பெயர். 2020ல்தான் அதைக் கைவிட்டார்கள். ஒரு விளிம்பைச் சேர்ந்தவன் தலைநிமிர்ந்தது இன்னொரு விளிம்பின் அவமானத்தைச் சட்டையில் எழுதிக்கொண்டு.

சக் ஈலியையும் இங்கே சொல்ல வேண்டும். வெற்றிக்கதை எழுதுகிறவர்கள் அவரைச் சொல்வது குறைவு. டொலிடோ பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய 35 ஆட்டங்களில் 35லும் வெற்றி. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. குவார்ட்டர்பேக்காக மட்டுமே ஆடுவேன் என்று என்.எஃப்.எல். அணிகளுக்குத் தெரிவித்தார். 1972 டிராஃப்டில் ஒருவரும் எடுக்கவில்லை. ஹாமில்டனுக்குப் போய் அதே ஆண்டு கிரே கோப்பையை வென்று கொடுத்தார். என்.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டமும் ஆடாமலே அவருடைய ஆட்டவாழ்வு முடிந்தது. மூன் திரும்பி வந்தார், அதனால் அது 'கதை' ஆயிற்று. ஈலி திரும்பவில்லை. மூன் ஜெயித்ததை வைத்து 'கடைசியில் திறமை வெல்லும்' என்று சொல்பவர்கள், ஈலியிடம் எது குறைந்தது என்று சொல்லிவிட்டுப் பேசட்டும்.

1984ல் பல அணிகள் போட்டியிட, மூன் ஹூஸ்டனைத் தேர்ந்தார். எட்மன்டனில் அவருக்குப் பயிற்சியளித்த ஹியூ கேம்ப்பெல் அங்கே வந்திருந்தார். முதல் சில ஆண்டுகள் தோல்விதான். அரங்கில் தன் குடும்பத்தார் காதுபட விழுந்த இனவசைகளைப் பற்றி மூன் பின்னாளில் பேசியிருக்கிறார். பிறகு 'ரன் அண்ட் ஷூட்' என்கிற ஆட்டமுறை வந்தது. நான்கு பேர் ஓடிப் பந்து பிடிப்பார்கள். எதிரணி நகர்கிற விதத்தைப் பார்த்து ஓடும்போதே பாதையை மாற்றுவார்கள். எறிகிறவனும் பிடிக்கிறவனும் ஒரே நொடியில் ஒரே விஷயத்தை வாசித்திருக்க வேண்டும். வாசிப்பு என்றால் இதுவும் வாசிப்புதான் ஐயா. 1990 டிசம்பர் 16ல் கன்சாஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 527 கஜம். 1990ல் 4,689, மறு ஆண்டு 4,690.

1993 ஜனவரி 3ல் பஃபலோவில் 35–3 என்று முன்னிலையில் இருந்து 41–38 என்று தோற்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடுதல் நேரத்தில் மூன் எறிந்த பந்தை எதிரணி பறித்தது. அதற்கு முன் 38 புள்ளிகளை விட்டுக்கொடுத்த தற்காப்பு வரிசையை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. மூளை என்று பட்டம் கட்டிவிட்டால் தோல்வியும் அந்தத் தலைக்குத்தான்.

அந்த 'மூளை'யின் சுயாதீனம் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. மூன் மினசோட்டாவுக்கு மாறிய 1994ல்தான் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைப்பது அனுமதிக்கப்பட்டது. ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரின் குரல் நேராக அவன் காதுக்குள். அடுத்து என்ன ஆடுவது என்பதைப் பெரும்பாலும் அங்கிருந்துதான் சொல்கிறார்கள். அப்படியானால் இத்தனை வருஷம் கறுப்பர்களுக்கு இல்லை என்று சொல்லப்பட்ட 'சிந்தனை' எங்கே இருந்தது? வெள்ளை குவார்ட்டர்பேக்குக்கும் அது பாதி இரவல்தானே. மூளை என்பது தலைக்குள் இருந்த பொருளாக இருக்கவில்லை. யாரை நம்பிக் கட்டளையை ஒப்படைக்கலாம் என்கிற அதிகாரத்தின் தேர்வாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1995ல் மனைவியைத் தாக்கியதாக மூன் கைதுசெய்யப்பட்டார். 1996ல் ஜூரி அவர் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது. புனிதர்களைத் தயாரிக்கிற கதைகளில் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். நீதி கேட்கிற கறுப்பன் புனிதனாகவும் இருந்தாக வேண்டும் என்பது வெள்ளையர் விதிக்கிற நிபந்தனை. அதை நாம் ஏற்க வேண்டியதில்லை. அதற்காக, வீட்டுக்குள் நடப்பதைப் பற்றிப் பெண்கள் எழுப்புகிற கேள்வியை இனத்தின் பெயரால் மூடிவைக்கவும் முடியாது.

சியாட்டில், பிறகு கன்சாஸ் சிட்டி என்று 2000 பருவம் வரை, நாற்பத்துநான்கு வயதில் ஆடிக்கொண்டிருந்தார். என்.எஃப்.எல்.லில் மொத்தம் 49,325 கஜம், கனடாவில் 21,228. 2006ல் புகழ்மண்டப மேடையில் 'முதல் கறுப்பர்' என்கிற பட்டம் தனக்குச் சங்கடம் தருவதாகவும், வெறும் குவார்ட்டர்பேக்காக மதிப்பிடப்படுவதையே விரும்பியதாகவும் சொன்னார். எனக்கு அவர் பேச்சில் தைத்த இடம் அது. வெள்ளையர்கள் பிறக்கும்போதே பெற்றுவிடுகிற அந்த 'வெறும்' என்கிற சொல்லுக்காக ஒருவர் எழுபதாயிரம் கஜம் எறிய வேண்டியிருந்திருக்கிறது.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்பார்கள். 2018ல் லமார் ஜாக்சனை இடம் மாறச் சொன்ன குரல்கள் எழுந்தன. 2019 பருவத்தின் சிறந்த ஆட்டக்காரராக அவரை வாக்களித்த அத்தனை பேரும் தேர்ந்தார்கள். 2023 பிப்ரவரி சூப்பர் பௌலில் இரு அணிக்கும் கறுப்பு குவார்ட்டர்பேக்குகள். நல்லது. ஆனால் காலின் கேப்பர்னிக் 2016ல் போலீஸ் வன்முறைக்கு எதிராகத் தேசிய கீதத்தின்போது முழந்தாளிட்டார், அந்தப் பருவத்துக்குப் பின் அவரை ஒரு அணியும் ஆடவிடவில்லை. களத்தில் யோசிக்கலாம், களத்துக்கு வெளியே கூடாது.

அளவுகோல் அங்கேயும் நின்றுவிடவில்லை. தலையில் விழுந்த அடிகளால் மறதிநோய் வந்த முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கு 2013ல் சமரசத்துக்கு வந்து, 2015ல் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. இழப்பீடு நூறு கோடி டாலர் அளவில் போகும் என்றார்கள். மூளை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சோதனை வைத்து மதிப்பெண் போட வேண்டும். அந்த மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது இனவாரித் திருத்தம் ஒன்றைப் பல மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள். கறுப்பரின் சிந்தனைத்திறன் ஆரம்பத்திலேயே வெள்ளையரைவிடக் கீழே இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளும் கணக்கு அது. விளைவு: ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் வெள்ளையருக்கு மூளை சேதம், கறுப்பருக்கு இயல்பு. இழப்பீடு வேண்டுமானால் கறுப்பர் இன்னும் கீழே விழுந்து காட்ட வேண்டும்.

1978ல் மூனின் காதில் விழுந்த அதே வாக்கியம்தான் இது. இந்த முறை அட்டவணையாக அச்சாகி, மருத்துவர் மேசையில் இருந்தது. என்.எஃப்.எல்.தான் இந்தச் சமரசத்தின் ஒரு தரப்பு.

கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரண்டு முன்னாள் ஆட்டக்காரர்கள் 2020ல் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். இருவரும் கறுப்பர்கள். ஒருவர் தற்காப்பு வரிசையில் முட்டி மோதியவர், மற்றவர் பந்தோடு ஓடியவர். இருவருமே குவார்ட்டர்பேக் அல்ல. 2021ல் என்.எஃப்.எல். அந்தக் கணக்கைக் கைவிடுவதாக அறிவித்தது; 2022ல் நீதிமன்றம் மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நூற்றுக்கணக்கான கறுப்பு ஆட்டக்காரர்களின் பழைய சோதனைகளை எடுத்து, இனத்தை விட்டுவிட்டு மறுபடி மதிப்பெண் போட்டார்கள்.