சட்டத்தின் சொல்லும் வீட்டின் சொல்லும்

கணவன் மனைவியை அடித்தாற் காயம் சான்று கூறும். அடிக்காது, நாள்தோறும் சொல்லாலும் சொல்லாமையாலும் அவளை ஒடுக்குமிடத்து எது சான்றாகும்? இலங்கைச் சட்டம் இவ்வினாவுக்கு முகங்கொடுத்தது 2005ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், உடலுக்கு இழைக்கப்படும் கொடுமையோடு உள்ளத்துக்கு இழைக்கப்படும் கொடுமையையும் வீட்டு வன்முறையென ஏற்றுக்கொண்டது. நீதவான் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளையும் வழங்க அது வழிசெய்தது. இது சிறிய பேறன்று. ஆயின் உள்ளத்துக் கொடுமையை அச்சட்டம் வரையறுத்த முறை கூர்ந்து நோக்கத்தக்கது. குரூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்துகின்ற, அவமதிக்கின்ற நடத்தை என அடைமொழிகளை அடுக்கி, அந்நடத்தை பாரதூரமானதாகவும் தொடர்ச்சியானதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. அடைமொழிகள் பல உள. செயல் ஒன்றேனும் பெயர் சொல்லப்படவில்லை.

அதே ஆண்டிற் பாக்குநீரிணைக்கு அப்பால் இந்தியா இயற்றிய சட்டம் வேறு வழி சென்றது. ஏசுதல், எள்ளுதல், பட்டப்பெயரிட்டு அழைத்தல், பிள்ளையில்லை என்றோ ஆண்பிள்ளையில்லை என்றோ பழித்தல் என வீட்டில் வழங்கும் பேச்சையே அது எடுத்துக் கூறியது. பொருளாதார வழியான துன்புறுத்தலையும் தனியே வகுத்தது. மலடன் என்ற சொல் அகராதியிற் கிடக்க, மலடி என்ற சொல்லே முற்றத்தில் வழங்குகிறது என்பதை அறிந்த தமிழர் அத்தகைய விவரிப்பின் பயனை எளிதில் உணர்வர்.

பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுச் சந்திக்கு அப்பால் அமைந்த அல்லைப்பிட்டி போன்றதொரு தீவகக் கிராமத்தை மனத்திருத்தி இலங்கையின் வரையறையை வாசிக்குமிடத்து அதன் இடைவெளி புலனாகும். யாழ்ப்பாணத்துத் தமிழர் வழக்கில் வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகச் செல்கின்றன. மணமகன் அவள் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். புறத்தே நின்று காண்பவர் இதனைப் பெண்ணின் பலமெனக் கொள்ளல் கூடும். உறுதி அவள் பெயரில் இருப்பது உண்மையே. ஆயின் தேசவழமைக்கு உட்பட்டோருக்கென ஆக்கப்பட்ட 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் இசைவு வேண்டுமென விதித்தது. மகளின் கலியாணத்துக்குப் பணம் வேண்டும், இடிந்த சுவரை எழுப்ப வேண்டும் என்னும் நிலையிற் கணவன் கை ஓங்கத் தேவையில்லை. குரலை உயர்த்தவும் தேவையில்லை. நொத்தாரிசின் முன் ஒப்பமிட மறுத்தாற் போதும். காரணமின்றி இசைவு மறுக்கப்படின் மாவட்ட நீதிமன்றை நாடலாம் என்ற வழியையும் அதே கட்டளைச் சட்டம் வைத்திருந்தது. ஆயினும் கணவனுக்கு எதிராகக் கோட்டுப் படியேறியவள் என்ற பெயரை ஊர் எளிதில் மறவாது.

1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வையும், 2006ஆம் ஆண்டு மே மாதப் படுகொலையையும், அவ்வாண்டு ஆகஸ்டில் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தோர்மீது வீழ்ந்த எறிகணைகளையும் கண்ட ஊர் அல்லைப்பிட்டி. இத்தகைய ஊரிற் பெண்ணின் மனத்துயரம் முழுவதையும் போரின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. அவ்வாறு எழுதுமிடத்து வீட்டின் கணக்குத் தப்பிவிடுகிறது.

இலக்கியம் இவ்விடத்தில் என்ன செய்தது? அல்லைப்பிட்டியிற் பிறந்த ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) நாவலில் ஊர்ச்சண்டியனான தந்தையின் வன்முறை ஊரறிந்தது. எவருக்கும் அதனை விளக்க வேண்டியதில்லை. ஊரறியாத கொடுமைக்குச் சொல் தேடியது அதற்கு முன்னரே வெளிவந்த வேறொரு நூல். 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பில் அ. சங்கரி, சிவரமணி, ஊர்வசி, ஔவை முதலிய பத்துப் பெண்கள் எழுதினர். அத்தொகுப்பின் தலைப்பே ஒரு விமர்சனம் எனலாம். அடியும் காயமுமற்ற ஒடுக்குமுறையைக் கவிதைக்குரிய பொருளாக்கியமை அதன் சாதனையாகும். அதன் குரல் பெரிதும் கல்வி கற்ற நடுத்தர வகுப்புப் பெண்ணின் குரல் என்பதையும் மறைத்தற்கில்லை. சீதன வளவின் வேலிக்குள் ஒப்பத்துக்காகக் காத்திருக்கும் தீவகப் பெண்ணுக்கு அங்கும் இடம் சிறிதே.

இங்கிலாந்து 2015இல் இயற்றிய சட்டம் கட்டுப்படுத்தி அடக்கும் நடத்தையைக் குற்றமாக்கியது. அதுவும் தொடர்ச்சியை வேண்டியதே. எனினும், அந்நடத்தை எத்துணைக் குரூரமானது என்பதோடு நில்லாது, துன்புற்றவளின் அன்றாட வாழ்வை அது எவ்வாறு பாதித்தது என்றும் வினவியது. அடைமொழியிலிருந்து அன்றாடத்துக்கு வந்த இம்மாற்றமே இலங்கையின் வரையறைக்கும் வேண்டப்படுவது. பிரதேச செயலகங்களிற் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் உளர். 1938 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. முறையிட வருபவளின் பேச்சைச் சட்டத்தின் அடைமொழிகளுக்குள் அடக்க முயல்வதிலேயே அவர்களின் உழைப்பிற் பெரும்பகுதி கழியுமாயின், குறை அவர்களுடையதன்று.

தீவகப் பெண்ணின் மனு ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றுக்குச் செல்லவேண்டும். கொடுமை தொடர்ச்சியானது எனக் காட்ட, விவரம் அறிந்தோரின் சத்தியக்கடதாசிகள் துணைபுரியும். விவரம் அறிந்தோர் எனப்படுவோர் பெரும்பாலும் மாமியும் மச்சாளும் வேலிக்கு அப்பால் வாழும் சொந்தக்காரரும். பட்டப்பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களும் அவர்களே.